சிங்கப்பூர்ல பெர்மிட் ஆள் எடுக்குறவங்க லெவி கட்டினா மட்டும் போதுமா?

தம்பி, நீங்க கேட்டது இதுதானே. ஏர்கான் டக்ட் வேலைக்கு புதுசா சப்கான்ட்ராக்ட் கம்பெனி ஆரம்பிச்சிருக்கீங்க, புதுக்கோட்டைப் பக்கம் இருந்து ரெண்டு பேர வொர்க் பெர்மிட்ல எடுக்கணும், ஒருத்தர் உங்க மச்சான், இன்னொருத்தர் ஏஜென்ட் மூலமா. லெவியும் (வெளிநாட்டு ஆளுக்காக மாசா மாசம் அரசாங்கத்துக்குக் கட்டுற தீர்வை) கட்டி இன்சூரன்ஸும் எடுத்துட்டா முடிஞ்சுதா, வேற என்ன பொறுப்பு இருக்கு, ஏஜென்ட் வேற "ஆளுகிட்ட நான் வாங்குற காசுல உங்களுக்கும் ஒரு பங்கு தர்றேன்"னு சொல்றாரே அது வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க.

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். வாங்காதீங்க. ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட வாங்காதீங்க. அது கமிஷன் இல்ல, குற்றம். வேலை குடுக்குறதுக்கோ, வேலையில தொடர்ந்து வெச்சுக்குறதுக்கோ வெளிநாட்டு ஊழியர்கிட்ட இருந்து முதலாளி நேராவோ அடுத்தவர் கை வழியாவோ காசு வாங்கினா, வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டப்படி 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். அதுக்கு மேல இனிமே ஆள் எடுக்க முடியாதபடி தடையும் போடுவாங்க, சின்ன கம்பெனிக்கு அதோட கதவ சாத்த வேண்டியதுதான். "நான் கேக்கல, ஏஜென்ட்தான் குடுத்தாரு"ன்னா எடுபடாது. அந்தக் காசு எங்க இருந்து வருதுன்னு நினைச்சுப் பாருங்க, அந்தப் பையனோட அம்மா நகைய அடகு வெச்ச காசு அது, அப்பா வயல் பத்திரத்த வெச்சு வட்டிக்கு எடுத்த காசு. நான் 14 வருஷமா இங்க கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனிங்கள்ல அட்மின், ஹெச்ஆர் வேலை பார்க்குறேன், முதல் ஒரு வருஷச் சம்பளம் அப்படியே கடனுக்குப் போயிடுச்சுன்னு சொன்ன பசங்க எத்தனை பேர்னு எனக்குக் கணக்கே இல்ல.

இங்க இருக்குற ஏஜென்ட் வாங்குறதுக்கும் சட்டத்துல ஒரு அளவு உண்டு. எத்தனை வருஷத்துக்கு பெர்மிட்டோ அத்தனை மாசச் சம்பளம், அதுவும் எப்படிப் போனாலும் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல போகக் கூடாது. முதல் ஆறு மாசத்துக்குள்ள நீங்களே ஆள வேலைய விட்டு எடுத்தா அதுல பாதிய அவர் திருப்பிக் குடுக்கணும். அந்த ஏஜென்ட்டுக்கு எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) லைசென்ஸ் இருக்கான்னு அவங்க வெப்சைட்லயே பேர் போட்டுப் பார்த்துக்கலாம், லைசென்ஸ் இல்லாத ஆள வெச்சு எடுத்தா உங்களுக்கும் 5,000 வெள்ளி வரைக்கும் ஃபைன் வரும். ஊர்ப் பக்கத்துல சப் ஏஜென்ட், அவருக்குக் கீழ இன்னொரு ஆள்னு சங்கிலி போகும், அங்கதான் லட்சக்கணக்குல ஏறும். இந்திய அரசு பதிவு பண்ணின ஏஜென்ட்டுக்கு 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் உச்சம்னு வெச்சிருக்கு, ஆனா கிராமத்துல கை மாறுற காசுக்கு யார் ரசீது குடுக்குறா. அதனால நீங்களே அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டு "யாருகிட்ட எவ்ளோ குடுத்த"ன்னு நேரா கேளுங்க. சட்டம் இப்படிக் கேக்கணும்னு உங்களச் சொல்லல, நான் சொல்றேன். மண்டை நிறைய கடனோட வர்ற பையன் உடம்பு முடியலன்னாலும் சொல்ல மாட்டான், சாரம் ஆடுதுன்னாலும் சொல்ல மாட்டான், அப்புறம் உங்க சைட்லதான் விழுவான்.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். லெவி கட்டினா போதுமான்னா, லெவிங்கிறது நீங்க அரசாங்கத்துக்குக் கட்டுறது, ஊழியருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கன்ஸ்ட்ரக்ஷன்ல 2024 ஜனவரியில இருந்து தகுதி கூடின ஆளுக்கு மாசம் 500, அடிப்படைத் தகுதி ஆளுக்கு 900 வெள்ளி. எத்தனை வெளிநாட்டு ஆள் எடுக்கலாம்ங்கிற கோட்டாவும் அப்போதான் குறைஞ்சுது, முன்னாடி ஒரு லோக்கல் ஆளுக்கு ஏழு பேர் எடுக்கலாம், இப்போ அஞ்சு பேர்தான். அந்த லோக்கல் ஆளுக்கு நீங்க நிஜமா சம்பளம் குடுத்து நிஜமா சிபிஎஃப் (சேமநிதி) கட்டியிருக்கணும், முழு ஆளாக் கணக்கு வர 2024 ஜூலையில 1,600 வெள்ளின்னு வெச்சாங்க, இது அப்பப்போ ஏறும், விண்ணப்பம் போடுற அன்னைக்கு என்ன தொகைன்னு பார்த்துக்கங்க. கோட்டாவுக்காக அத்தை பேர்லயும் சித்தப்பா பேர்லயும் சிபிஎஃப் கட்டி வேலை செய்யாத ஆள வேலை செய்யுறதாக் காட்டுற பழக்கம் இங்க இருக்கு, அதுக்கும் கோர்ட்டுக்குப் போய் ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.

பாருங்க, அடிப்படைத் தகுதிப் பையனுக்கு பேசிக் 800 வெள்ளின்னா அவன் சம்பளத்த விட லெவி கூட. இதனாலதான் நிறைய முதலாளிங்களுக்கு "இவனுக்காக நான் எவ்ளோ செலவு பண்றேன்"னு மனசுல ஒரு கணக்கு ஓடும், அப்புறம் அந்தக் கணக்க எங்கயாவது நேர் பண்ணப் பார்ப்பாங்க, ஓடியில (ஓவர்டைம் காசுல) கொஞ்சம் வெட்டுறது, சாப்பாட்டுக்குப் பிடிக்குறது, ரினீவல்னு சொல்லி கையில வாங்குறது. எல்லாத் தப்பும் இங்கதான் முளைக்குது. லெவி, பாண்ட், இன்சூரன்ஸ், மெடிக்கல் செக்கப், வேலைக்குக் கட்டாயமான கோர்ஸ், திரும்பிப் போற டிக்கெட், இது எல்லாமே உங்க செலவு, இதுல ஒரு காசு கூட அவன் சம்பளத்துல கை வைக்க முடியாது. இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்து வேலைக்கு ரேட் போடத் தெரியலன்னா ஆள் எடுக்குறத ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடுங்க.

ஐபிஏ பத்திச் சொல்லணும். பசங்க ஐபின்னுதான் சொல்லுவாங்க, "ஐபி வந்துருச்சா அக்கா"ன்னு ஊர்ல இருந்து வாட்ஸ்அப்ல கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நீங்க ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டு எம்ஓஎம் சரின்னதும் வர்ற கடிதம் அது. அதுல பேசிக் எவ்ளோ, அலவன்ஸ் எவ்ளோ, மாசம் என்ன பிடித்தம், ஏஜென்ட்டுக்கு எவ்ளோ எல்லாம் போட்டிருக்கும், ஊழியருக்கான காப்பி அவர் தாய்மொழியிலயே வரும், நம்ம பசங்களுக்குத் தமிழ்ல. அத அவர் ஊர விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே நீங்க அனுப்பியாகணும். ஏர்போர்ட்ல வந்து கையில குடுக்குறதுக்கு இல்ல அது. ஏன்னா அது ஒரு வாக்கு தம்பி. "இவ்ளோ தர்றேன்"னு நீங்க அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்த வாக்கு. வந்த பிறகு அந்தச் சம்பளத்தக் குறைக்கணும்னா அவர் எழுத்துல சம்மதிக்கணும், எம்ஓஎம்முக்கும் நீங்க முன்கூட்டியே சொல்லணும், ரெண்டும் இல்லாம குறைச்சா சட்டத்த மீறினதுதான். சில பேர் பெர்மிட் சுலபமாக் கிடைக்கட்டும்னு சம்பளத்தக் கூடுதலாப் போட்டுட்டு, ஆள் வந்து இறங்கினதும் வேற ஒரு பேப்பர்ல குறைச்சு எழுதிக் கையெழுத்து வாங்குவாங்க. அமைச்சுக்குப் பொய்த் தகவல் குடுத்தா தனியா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில். ஒரு பையன் பர்ஸுக்குள்ள நாலா மடிச்ச ஐபிஏவ வெச்சிருந்தான், மடிப்புல எல்லாம் கிழிஞ்சு போய் டேப் ஒட்டியிருந்தான், சம்பளச் சீட்ட ஒரு கையிலயும் அதை ஒரு கையிலயும் பிடிச்சுக்கிட்டு "இதுல ஒண்ணு இருக்கு, அதுல ஒண்ணு இருக்கு, எதுக்கா சரி"ன்னு என்கிட்ட கேட்டான். தமிழ்லதானே இருக்கு, அவனுக்கு வாசிக்கத் தெரியும்.

ஆள் வர்றதுக்கு முன்னாடி செக்யூரிட்டி பாண்ட் போட்டிருக்கணும். மலேசியர் இல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஆளுக்கும் 5,000 வெள்ளி. ரொக்கமா யாரும் கட்டுறதில்ல, இன்சூரன்ஸ் கம்பெனி கேரண்டியோ பேங்க் கேரண்டியோ எடுத்துடுவாங்க, அதுக்கு பிரீமியம் கொஞ்சம்தான். ஆனா அந்த 5,000 எதுக்குன்னு தெரிஞ்சுக்கங்க. நேரத்துக்குச் சம்பளம் குடுக்கலன்னாலோ, பெர்மிட் முடிஞ்சும் ஆள ஊருக்கு அனுப்பலன்னாலோ, ஆள் காணாமப் போயிட்டாலோ அரசாங்கம் அத எடுத்துக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிட்டு உங்ககிட்ட வந்து வசூல் பண்ணும். ஆள் காணாமப் போனதுக்கு நீங்க போலீஸ் ரிப்போர்ட் குடுத்து நிஜமாத் தேடியிருந்தா பாதிய விட்டுக் குடுப்பாங்க. இந்தப் பயத்துல சில முதலாளிங்க பாஸ்போர்ட்ட வாங்கி டிராயர்ல பூட்டி வெச்சுக்குவாங்க, அது பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். மச்சான்தானேன்னு நீங்களும் வாங்கி வெச்சுடாதீங்க, அவர் பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கணும்.

வந்து இறங்கினதும் ரெண்டு வாரத்துக்குள்ள மெடிக்கல் செக்கப். முதல் தடவையா கன்ஸ்ட்ரக்ஷனுக்கு வர்ற ஆளா இருந்தா ஒரு நாள் செட்லிங் இன் புரோகிராம் இருக்கு, 2018ல கொண்டு வந்தாங்க, அவங்க மொழியிலயே சட்டம், உரிமை, எங்க போய்ப் புகார் சொல்றதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. அப்புறம் சேஃப்டி கோர்ஸ். தங்குற இடத்த அஞ்சு நாளைக்குள்ள ஆன்லைன்ல பதிவு பண்ணணும், இடம் மாறினாலும் அதே மாதிரி. உங்க மச்சான உங்க எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுலயே வெச்சுக்கலாம்னு யோசிச்சிருப்பீங்க, அது நடக்காது. மலேசியர் இல்லாத கன்ஸ்ட்ரக்ஷன் பெர்மிட் ஆள் எச்டிபி வீட்டுல தங்கக் கூடாது, சொந்தக்காரரா இருந்தாலும் கூடாது. டார்ம்ல (ஊழியர் தங்கும் விடுதியில) இடம் பிடிக்கணும், இப்போ ஒரு படுக்கைக்கு 400, 500 வெள்ளின்னு கேக்குறாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து ஏழு படுக்கையோ அதுக்கு மேலயோ உள்ள எல்லா டார்முக்கும் லைசென்ஸ் வேணும், அதனால கடைக்கு மேல, குடோனுக்குள்ள பலகை அடிச்சுப் படுக்க வைக்குற வேலையெல்லாம் வேணாம். 2020ல கொரோனா டார்ம்களுக்குள்ள எப்படிப் பரவுச்சுன்னு நீங்களும் இங்க இருந்து பார்த்தீங்கதானே, ஒரு ரூம்ல எத்தனை பேர்ங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்சூரன்ஸ்ல பெரும்பாலானவங்க குழம்புறாங்க, ரெண்டு தனித் தனி. ஒண்ணு மெடிக்கல் இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரியில படுத்தாலோ டே சர்ஜரி பண்ணினாலோ வர்ற செலவுக்கு. இது 15,000 வெள்ளியா இருந்தத 2023 ஜூலையில இருந்து வருஷத்துக்குக் குறைஞ்சது 60,000 ஆக்கிட்டாங்க, 15,000க்கு மேல போற பில்லுல கால் பங்கு நீங்க கட்டணும். இன்னொண்ணு வேலைக் காய இழப்பீட்டு இன்சூரன்ஸ், உடல் உழைப்பு வேலை செய்யுற எல்லாருக்கும் சம்பளம் எவ்ளோன்னு பார்க்காம எடுக்கணும், லோக்கல் ஆளுக்கும் சேர்த்துத்தான். எடுக்காம விட்டா 10,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், 12 மாசம் வரைக்கும் ஜெயில். இது போக டார்ம்ல தங்குறவங்களுக்கும் கன்ஸ்ட்ரக்ஷன்ல இருக்குறவங்களுக்கும் 2022 ஏப்ரல்ல இருந்து பிரைமரி கேர் பிளான்னு ஒண்ணு கட்டாயம், சளி காய்ச்சல்னா கிளினிக்குக்குப் போக, அதுக்கும் நீங்கதான் கட்டணும், பையன் டாக்டரப் பார்க்குறப்போ சின்னதா ஒரு தொகை மட்டும் குடுப்பான்.

காயம் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா நீங்க செய்யப் போறது டக்ட் வேலை, ஷீட் மெட்டல், கிரைண்டர், ஏணி. நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், கிரைண்டர் வீல் உடைஞ்சு ஒரு பையனுக்கு இடது கையில ரெண்டு விரல் கிழிஞ்சிருச்சு. சூப்பர்வைசர் லாரியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம, தெரிஞ்ச கிளினிக்குக்குக் கொண்டு போய் தையல் போட்டு, ரெண்டு நாள் எம்சியும் (மெடிக்கல் லீவுச் சீட்டு) மிச்சத்துக்கு லைட் டியூட்டியும் (இலகுவான வேலை) எழுதி வாங்கிட்டு வந்தாரு. மறுநாள் காலையில அந்தப் பையன் ஆபீஸ் வாசல்ல கையில பெரிய கட்டோட பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கான், கட்டுக்கு மேல மழை படாம இருக்க ரொட்டி வாங்கின பை ஒண்ணச் சுத்தியிருக்கான். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லச் சொல்றாங்கக்கா, நான் என்ன சொல்லணும்"னு கேட்டான். எனக்கு அப்போ இந்த வேலையில மூணாவது வருஷம், பயம், முதலாளி சொன்னபடிதான் எழுதிக் குடுத்தேன். காயம் உள்ளுக்குள்ள ஆறாம விரல் மடங்காமப் போச்சு. கடைசியில அவன் நண்பன் ஒருத்தன் கூட்டிட்டுப் போய் எம்ஓஎம்ல சொல்லி, விசாரணை வந்து, இழப்பீடு கிடைச்சுது, ஆனா அந்தக் கை திரும்பல. இன்னைக்கு வரைக்கும் அந்த ஃபார்ம்ல என் கையெழுத்து இருக்குங்கிறது எனக்கு வலிக்குது, அதனாலதான் யார் இந்தக் கேள்வி கேட்டாலும் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, வேலை செய்யுறப்போ அடிபட்டு எம்சியோ லைட் டியூட்டியோ டாக்டர் எழுதினா, அது ஒரு நாளா இருந்தாலும், உங்களுக்குத் தெரிஞ்ச பத்து நாளைக்குள்ள எம்ஓஎம்முக்கு ரிப்போர்ட் பண்ணணும். 2020 செப்டம்பர்ல புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததுல இருந்து லைட் டியூட்டியும் இதுல சேர்த்தி. யார் தப்புன்னு பார்க்குற சட்டமே இல்ல அது, பையன் கவனக்குறைவா இருந்திருந்தாலும் வேலையில நடந்த காயம்னா இழப்பீடு உண்டு. எம்சி நாளுக்குச் சம்பளம் குடுக்கணும், அது பேசிக் கணக்குல இல்ல, ஓடியெல்லாம் சேர்ந்த சராசரி மாச வருமானக் கணக்குல, வெளியில இருந்து சிகிச்சை எடுத்தா 14 நாள் வரைக்கும் முழுசும், ஆஸ்பத்திரியில படுத்திருந்தா 60 நாள் வரைக்கும் முழுசும், அதுக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு. ஆஸ்பத்திரிச் செலவும் அதே வேலைக் காய இன்சூரன்ஸ்ல வரும். நிரந்தரமா ஊனம் ஆனா அதுக்குத் தனித் தொகை. இந்தக் கேஸ் முடியுறதுக்கு முன்னாடி பெர்மிட்ட கேன்சல் பண்ணி அவசரமா பிளேன் ஏத்தி விடப் பார்க்குறவங்க இருக்காங்க, சம்பள வழக்கோ காய வழக்கோ நிலுவையில இருக்கும்போது அப்படி அனுப்பக் கூடாது. கேன்சல் ஆன பிறகும் அவர் ஸ்பெஷல் பாஸ்ல (வழக்குக்காகத் தங்கக் குடுக்குற தற்காலிக அனுமதி) இங்க இருக்குற வரைக்கும் சாப்பாடு, தங்குற இடம், வைத்தியம் எல்லாம் உங்க தலையிலதான். ஊர் போய்ச் சேருற வரைக்கும் அவர் உங்க பொறுப்பு, சட்டம் அதைத்தான் பராமரிப்புன்னு சொல்லுது.

சம்பளம். மாசம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள கையில கிடைச்சிருக்கணும், ஓடி பணத்துக்கு மட்டும் 14 நாள் டைம். டார்ம்ல தங்குறவங்களுக்கு 2020 ஜூலை 1ல இருந்து பேங்க் வழியாத்தான் போடணும், கவர்ல வெச்சுக் கையில குடுக்குறது கூடாது. 2016 ஏப்ரல்ல இருந்து பேஸ்லிப் கட்டாயம், அதுல பேசிக் எவ்ளோ, ஓடி எத்தனை மணி நேரம், அதுக்கு எவ்ளோ, என்ன பிடித்தம்னு பிரிச்சுப் பிரிச்சு இருக்கணும், மொத்தம் இவ்ளோன்னு ஒரு வரி எழுதிக் குடுக்குறது பேஸ்லிப் இல்ல.

ஓடி கணக்குத்தான் சின்ன கம்பெனிங்க அதிகமாத் தப்பு பண்ற இடம், பாதிப் பேர் தெரியாமப் பண்றாங்க. இப்படிப் பாருங்க, மாச பேசிக் 800ன்னு வெச்சுக்கங்க. அத 12ஆல பெருக்கினா 9,600. வாரத்துக்கு 44 மணி நேரம், 52 வாரத்துக்கு 2,288 மணி. 9,600ஐ 2,288ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு 4 வெள்ளி 20 காசு கிட்ட வரும். ஓடி அதுல ஒண்ணரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. மாசம் 60 மணி நேரம் ஓடி பார்த்தா 377 வெள்ளி. இப்போ ஒரு கம்பெனி "ஓடி மணிக்கு 4 வெள்ளி"ன்னு பொத்தாம் பொதுவா வெச்சா 240தான் வரும், மாசம் 137 வெள்ளி காணோம். 137 வெள்ளி பெருசா இல்லன்னு நமக்குத் தோணும், அந்தப் பையனுக்கு அது மாசா மாசம் சாப்பாட்டுக் காசு. அவன் டி.ஏ.டி.எம்ல (சம்பளத் தகராறப் பேசித் தீர்த்து வைக்குற அமைப்பு) போய் உக்காந்தா ஒரு வருஷத்துக்குப் பின்னாடி வரைக்கும் கணக்குப் போட்டு நீங்க குடுக்கணும், வேலைய விட்டுப் போன பிறகும் ஆறு மாசம் வரைக்கும் அவன் போய்க் கேக்கலாம். அங்க பேசித் தீரலன்னா வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம். ஓடி மாசத்துக்கு 72 மணிக்கு மேல போகக் கூடாது, வாரத்துல ஒரு நாள் லீவு கண்டிப்பா, அந்த லீவு நாள்ல நீங்க கூப்பிட்டு முழு நாள் வேலை வாங்கினா ரெண்டு நாள் சம்பளம். வருஷத்துக்கு 11 பப்ளிக் ஹாலிடே, முதல் வருஷம் 7 நாள் வருடாந்திர லீவு, ஆறு மாசம் வேலை பார்த்துட்டா 14 நாள் மெடிக்கல் லீவு, வெளிநாட்டு ஆள்னு இதுல எந்தக் குறைவும் கிடையாது.

டைம் கார்ட சூப்பர்வைசர் மட்டும் எழுதி வெச்சுக்க விடாதீங்க. தினமும் பையன் கையெழுத்துப் போடட்டும், அவன் போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கட்டும். இதுல உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கு, பேப்பர் இல்லாத முதலாளிதான் கடைசியில மாட்டுவாரு.

வேலை இடம் பத்தி ஒண்ணு. பெர்மிட்ல உங்க கம்பெனி பேர் இருக்கு, உங்க கம்பெனி எடுத்த வேலைய மட்டும்தான் அவங்க பார்க்கலாம். உங்க ஃப்ரெண்டோட சைட்ல ஆள் பத்தலன்னு ரெண்டு நாளைக்கு அனுப்பி வைக்குறது, உங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்றது, சம்சாரத்தோட கடையில ஞாயித்துக்கிழமை நிக்க வைக்குறது எல்லாம் சட்டவிரோதம், 10,000 வெள்ளி வரைக்கும் ஃபைன் வரும். அதே மாதிரி யாராவது டூரிஸ்ட் விசாவுல வந்திருக்கான், சும்மா ரெண்டு நாள் வேலை பார்க்கட்டும், காசு கூட வேணாங்கிறான்னு வந்து நிப்பாங்க. சரின்னுடாதீங்க. பாஸ் இல்லாத ஆள வேலைக்கு வெச்சா முதல் தடவைக்கே குறைஞ்சது 5,000, கூடினது 30,000 வெள்ளி அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயில் சேர்ந்தும் வரலாம். ரெண்டாவது தடவைன்னா ஜெயில் கட்டாயம்.

வெயில் விஷயமும் இப்போ சட்டத்தோட பார்வைக்கு வந்திருச்சு, ரூஃப் டாப்ல டக்ட் போடுறப்போ உங்களுக்கு இது வரும். 2023 அக்டோபர்ல இருந்து வெளியில கடின வேலை நடக்குற இடத்துல வெப்ப அளவ மணிக்கு ஒரு தடவை பார்க்கணும், 32 டிகிரியோ அதுக்கு மேலயோ போனா ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிஷமாவது நிழல்ல ஓய்வு, 33ஓ அதுக்கு மேலயோ போனா 15 நிமிஷம். இது சாதாரணத் தெர்மாமீட்டர் அளவு இல்ல, ஈரப்பதம், காத்து, வெயில் எல்லாம் சேர்த்து எடுக்குற அளவு. புதுசா வந்த ஆளுக்கு உடம்பு பழக டைம் குடுங்க. நம்ம ஊர் வெயில்லயே வளர்ந்தவன்னு நினைக்காதீங்க, இங்க இருக்குற புழுக்கம் வேற.

மச்சான எடுக்குறதப் பத்தித் தனியாச் சொல்லணும்னு நினைச்சேன். சொந்தக்காரங்க கம்பெனியில வந்த பசங்கதான் நிறைய நேரம் ரொம்பக் கஷ்டப்படுறத நான் பார்த்திருக்கேன். "நம்ம வீட்டு ஆளுதானே, சம்பளம் அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்"னு ஆரம்பிக்கும், நாலு மாசம் ஆயிடும், அவன் வாய் திறந்து கேக்க முடியாது, கேட்டா அங்க அக்காவுக்கும் மாமனாருக்கும் நடுவுல சண்டை வரும். எம்ஓஎம் பக்கம் போறது சத்தியமா நடக்காது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இது வேலைக்காரர், முதலாளி உறவுங்கிறதச் சட்டம் தெளிவா எழுதி வெச்சிருக்கு, அதையே அவருக்கும் நீங்க முதல் நாளே சொல்லிடுங்க. மத்தவருக்கு எந்தத் தேதியில பேங்க்ல போடுறீங்களோ அதே தேதியில மச்சானுக்கும் போடுங்க, அதே பேஸ்லிப், அதே ஓடி கணக்கு.

பெர்மிட் முடியுறப்போ இன்னொரு விஷயம். கன்ஸ்ட்ரக்ஷன் ஆள் பெர்மிட் முடிய 40 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் இருக்குற இடைவெளியில உங்க சம்மதம் இல்லாமலே வேற கம்பெனிக்கு மாறிக்கலாம். இது அவங்க உரிமை, "நான்தான் கொண்டு வந்தேன்"னு கோவப்பட்டு அதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணி அனுப்புறவங்கள நான் பார்த்திருக்கேன். ரெண்டு வருஷம் உங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட ஆள் போயிடக் கூடாதுன்னா சம்பளத்த ஏத்திக் குடுங்க, ரினீவலுக்குன்னு அவன்கிட்ட காசு கேக்காதீங்க. ரினீவலுக்கு வாங்குறதும் நான் முதல்ல சொன்ன அதே கிக்பேக் குற்றம்தான்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது, ஏஜென்ட்டுக்கு இன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்க, "எனக்கு எந்தப் பங்கும் வேணாம், பையன்கிட்ட வாங்குற காசுக்கு ரசீது குடுங்க, ஐபிஏவுல அதே தொகையப் போடுங்க"ன்னு எழுத்துல போடுங்க, வாய்ல சொல்லாதீங்க. அவர் அதுக்கு இழுத்தடிச்சா வேற ஏஜென்ட் பாருங்க, இல்லன்னா நீங்களே நேரா விண்ணப்பம் போடலாம், ஏஜென்ட் கட்டாயம்னு சட்டத்துல எங்கயும் இல்ல. ஐபிஏ வந்ததும் அந்தப் பையனுக்குப் போன் போட்டு, தமிழ்ல இருக்குறத அவனையே சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, பேசிக்கும் பிடித்தமும் வர்ற இடத்துல நிறுத்தி "புரிஞ்சுதா"ன்னு கேளுங்க. எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க தம்பி, ஓடி ரேட் கணக்க நான் ஒரு எக்செல்ல போட்டுத் தர்றேன்.